தறையாணியை நீங்களே செய்யுங்கள்!

உங்கள் வீட்டுச் சமையலறையில் இருக்கும் இரும்பு வாணலியை எடுத்து, அதன் காதுகளைக் கவனித்துப் பாருங்கள். காது வாணலியோடு சேரும் இடத்தில் சிறு குமிழ்கள் தெரியும். வெளிப்புறம் ஒரு குமிழ். உட்புறம் அதற்கு நேராக இன்னொரு குமிழ். இரண்டும் ஒரே உலோகத் துண்டின் இரு தலைகள். துளைக்குள் செருகி, மறுமுனையை அடித்துப் பரப்பித் தலையாக்கிய இந்த ஆணிக்குத் தறையாணி என்று பெயர். பட்டறைகளில் இதை ரிவிட் என்பார்கள். இதில் திருகுமரை இல்லை, பசையும் இல்லை. ஆயினும் பல ஆண்டுகள் நெருப்பில் வெந்தும் வாணலியின் காது எளிதில் கழன்று விழுவதில்லை.

இதே ஆணிதான் ஒரு காலத்தில் ஐரோப்பிய வீரர்களின் இரும்புக் கவசங்களையும் இணைத்து நிறுத்தியது. இன்றும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அந்தப் பழைய கவசங்களைத் தம் கைகளாலேயே செய்து பார்ப்பவர்கள் உண்டு. சிலருக்கு அது தொழில்; பலருக்கு அது பொழுதுபோக்கு. தகட்டை வெட்டுகிறார்கள், வளைக்கிறார்கள், மெருகேற்றுகிறார்கள். ஆனால் ஆணி என்று வரும்போது ஒரு கேள்வி எழுகிறது. கடையில் ஆயத்தமாகக் கிடைக்கும் ஆணியை வாங்கி அடித்துவிடலாமா? அல்லது அதையும் நாமே செய்ய வேண்டுமா?

நாமே செய்ய வேண்டும் என்பது என் கருத்து. நான் கவசம் செய்பவன் அல்லன். கல்லூரியில் இயற்பியல் கற்பிப்பவன். எனினும் இந்தக் கேள்வி கவசக்காரர்களோடு முடிந்துவிடுவதில்லை என்று நினைக்கிறேன். ஓர் உலோகம் எப்போது இணங்கும், எப்போது எதிர்க்கும் என்பதை ஆணி அடித்துப் பார்த்தவர் அறிவார். அடித்துப் பார்க்காதவர் 'வலிமை' என்ற சொல்லின் பொருளைப் பாதிதான் அறிவார். ஏன் என்று படிப்படியாகப் பார்ப்போம்.

வளையம் எங்கே தோற்கிறது?

கவசங்களில் மிகப் பழைய வகைகளில் ஒன்று வளையக் கவசம். கிறிஸ்து பிறப்பதற்குச் சில நூற்றாண்டுகளுக்கு முன்பே ஐரோப்பாவின் கெல்ட் மக்கள் இதை அணிந்தனர். அவர்களிடமிருந்து ரோமானியப் படையினர் இதைக் கற்றனர். முகலாயர் காலத்து இந்தியாவிலும் வளையக் கவசம் வழக்கில் இருந்தது. ஒரு சிறிய இரும்பு வளையம். அதனோடு பின்னிய நான்கு அண்டை வளையங்கள். அவற்றோடு பின்னிய மேலும் பல வளையங்கள். இவ்வாறு ஓர் அங்கி முழுவதற்கும் 20,000க்கும் மேற்பட்ட வளையங்கள் தேவைப்படும்.

வளையத்தை மூடுவது எப்படி? கம்பியை வட்டமாக வளைத்து, இரு முனைகளையும் ஒன்றோடொன்று முட்டவைத்து விட்டுவிடலாம். இது எளிய வழி. இன்று பொழுதுபோக்காகக் கவசம் செய்பவர்களில் பலர் இப்படித்தான் செய்கிறார்கள். பழைய காலத்து ஐரோப்பியக் கைவினைஞர் இந்த எளிய வழியைப் பெரும்பாலும் நாடவில்லை. முனைகளை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி, தட்டையாக அடித்து, துளையிட்டு, அதில் மிகச் சிறிய ஓர் ஆணியைச் செருகித் தறைந்தார்கள். ஓர் அங்கிக்கு இப்படிப் பல ஆயிரம் ஆணிகள்! இவ்வளவு உழைப்பும் எதற்காக?

விடையை நீங்களே கண்டறியலாம். கட்டுமான வேலைக்குப் பயன்படும் கட்டுக்கம்பியில் ஒரு துண்டை எடுத்து, பென்சிலைச் சுற்றி வளைத்து, முனைகள் முட்டுமாறு ஒரு வளையம் செய்யுங்கள். உறுதியான ஒரு கொக்கியில் அதை மாட்டி, அதன் கீழே இன்னொரு கொக்கியால் ஒரு பிளாஸ்டிக் வாளியைத் தொங்கவிடுங்கள். வளையத்தின் இடைவெளி பக்கவாட்டில் இருக்கட்டும். வாளி தரையிலிருந்து நான்கு விரல் உயரத்துக்கு மேல் இருக்க வேண்டாம். அதன் கீழே காலை வைக்காதீர்கள். இப்போது வாளியில் சிறிது சிறிதாக நீர் ஊற்றுங்கள். 1 லிட்டர் நீரின் நிறை 1 கிலோகிராம் என்பது உங்களுக்குத் தெரியும். எத்தனை லிட்டரில் வளையம் தோற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். வாளி நிறைவதற்கு வெகு முன்னரே அது தோற்றுவிடும்.

கீழே விழுந்த வளையத்தை எடுத்துப் பாருங்கள். அது அறுந்திருக்காது, விரிந்திருக்கும்! அதே கம்பியில் நேரான துண்டு ஒன்றை எடுத்து, அதில் வாளியைத் தொங்கவிட்டால், நிறைந்த வாளியையும் அது தாங்கும். அப்படியானால் கம்பிக்கு வலிமை இல்லாமல் போகவில்லை. அந்த வலிமை முழுவதும் பயன்படுவதற்குள் இணைப்பு தோற்றுவிட்டது. கம்பியை நீளவாக்கில் இழுத்து அறுப்பது கடினம். வளைத்து நிமிர்த்துவது எளிது. முனைகள் முட்டியிருக்கும் வளையம், எதிரிக்கு அந்த எளிய வழியைத் திறந்து வைக்கிறது. தறையாணி அதை அடைத்துவிடுகிறது. இனி வளையத்தைத் திறக்க வேண்டுமானால் ஆணியை நறுக்க வேண்டும், அல்லது கம்பியைக் கிழிக்க வேண்டும்.

இன்னொன்றும் கவனியுங்கள். முனைகளை ஏன் தட்டையாக அடித்தார்கள்? மெல்லிய கம்பியில் அப்படியே துளையிட்டால் பக்கங்களில் இரும்பே மிஞ்சாது. தட்டையாக அடித்தால் கம்பி அகலமாகிறது. துளைக்கு இடம் கிடைக்கிறது. துளையையும் குடைந்து எடுக்கவில்லை. கூரிய துளையுளியால் குத்தி, இரும்பை இருபுறமும் ஒதுக்கினார்கள். அதனால் இரும்பில் பெரும்பகுதி துளையைச் சுற்றியே நின்றது. பாடநூல் எதுவும் இல்லாத காலத்தில், உலோகத்தை இவ்வளவு நுட்பமாக அறிந்திருந்தார்கள்!

மென்மை ஒரு குறையா?

இனி முக்கியமான கேள்விக்கு வருவோம். கவசத்துக்கான ஆணியை எந்த உலோகத்தில் செய்ய வேண்டும்? இருப்பதிலேயே கடினமான எஃகில் என்று சொல்லத் தோன்றும். கவசம் உயிர் காக்கும் பொருள் அல்லவா? ஆனால் அந்த விடை தவறு.

ஆணியின் மறுமுனையைச் சுத்தியலால் அடித்துத் தலையாக்க வேண்டும். ஆணி மிகக் கடினமாக இருந்தால் ஒன்று அதன் தலை வெடிக்கும். இல்லையேல் சுற்றியுள்ள தகடு நெளியும். ஆணி தகட்டைவிட மென்மையாக இருந்தால்தான், அடி விழும்போது தகடு அசையாமல் நிற்க, ஆணி மட்டும் இணங்கிப் பரவும். ஆகவேதான் கவசக்காரர்கள் மென்மையான இரும்பு, பித்தளை, செம்பு ஆகியவற்றை ஆணிக்குத் தேர்ந்தார்கள்.

அப்படியானால் மென்மையான ஆணி போரில் எப்படித் தாங்கும்? இங்கேதான் இயற்பியல் நமக்கு ஒரு விந்தையைக் காட்டுகிறது. ஒரு செம்புக் கம்பியை எடுத்து, ஒரே இடத்தில் முன்னும் பின்னுமாக வளையுங்கள். முதல் தடவை எளிதாக வளையும். பிறகு அந்த இடம் விறைத்துக்கொள்ளும். வளைவு பக்கத்து இடத்துக்கு நகரப் பார்க்கும். இன்னும் வளைத்தால் ஒடிந்துவிடும். உலோகத்தை அதன் குளிர்ந்த நிலையில் அடிக்கவும் வளைக்கவும் செய்தால் அது கடினமாகிறது.

உலோகத்தின் உள்ளே அணுக்கள் வரிசை வரிசையாக அடுக்கப்பட்டுள்ளன. ஆனால் அந்த அடுக்கில் ஆங்காங்கே ஒழுங்கு பிசகிய கோடுகள் உண்டு. இந்தக் கோடுகள் நகர்வதால்தான் உலோகம் வளைந்து கொடுக்கிறது. அடிக்க அடிக்க இவை பெருகுகின்றன; ஒன்றையொன்று வழிமறித்துச் சிக்கிக்கொள்கின்றன. திருவிழாக் கூட்டத்தில் ஆள் பெருகப் பெருக யாரும் நகர முடியாமல் போவதுபோல! அதனால் உலோகம் விறைக்கிறது. 1934ஆம் ஆண்டில் டெய்லர், ஓரோவான், போலன்யி ஆகிய மூவரும் தனித்தனியே இக்கோடுகளைப் பற்றிய கருத்தை வெளியிட்டார்கள். ஆனால் அடித்தால் இரும்பு விறைக்கும் என்பதும், காய்ச்சி ஆற்றினால் மீண்டும் மென்மையாகும் என்பதும் கொல்லர்களுக்குப் பல நூற்றாண்டுகளாகத் தெரியும்.

ஆக, நல்ல தறையாணி மென்மையாகத் துளைக்குள் செல்கிறது. அடி வாங்கியே வலுவடைகிறது. விமானத் தொழிற்சாலைகளில் இதே அறிவு இன்றும் பயன்படுகிறது. சில வகை அலுமினியக் கலவை ஆணிகளை வெப்பப்படுத்திச் சட்டென்று குளிர்வித்தால் அவை சிறிது நேரம் மென்மையாக இருக்கும். அறை வெப்பநிலையில் விட்டால் தாமாகவே கடினமாகிவிடும். எனவே அவற்றைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்திருந்து, எடுத்த உடனே அடித்துவிடுகிறார்கள்.

செய்யும் முறை

கொல்லுப்பட்டறையில் அல்லது பள்ளித் தொழிற்கூடத்தில், வேலை தெரிந்த ஒரு பெரியவர் அருகில் இருக்கும்போது மட்டுமே இதைச் செய்யுங்கள். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம் வேண்டும்.

கடையில் விற்கும் சாதாரணக் கம்பி ஆணியே போதும். துத்தநாகப் பூச்சுள்ள ஆணியை எடுக்கக் கூடாது. சூடாக்கினால் அதிலிருந்து எழும் புகை உடலுக்குத் தீங்கானது. கடையாணி அப்படியே தறைவதற்கு ஏற்றதன்று. கம்பியைக் குளிர்ந்த நிலையில் சிறு துளைகள் வழியே இழுத்து மெல்லியதாக்கி அந்த ஆணியைச் செய்கிறார்கள். அதனால் அது ஏற்கெனவே விறைத்திருக்கிறது. அதைச் செக்கச் சிவக்கக் காய்ச்சி, சாம்பலில் புதைத்து, மெல்ல ஆற விடுங்கள். செம்பாக இருந்தால் காய்ச்சி நீரில் போட்டாலும் மென்மையாகவே இருக்கும். எஃகில் கரி அதிகம் இருந்தால் நீரில் போடும்போது கடினமாகிவிடும். ஒரே செயலுக்கு இரண்டு உலோகங்கள் எதிரெதிர் விளைவு தருவதைக் கண்ணால் பார்க்க இது நல்ல வாய்ப்பு.

கம்பியிலிருந்து செய்வதானால் முதல் தலையையும் நாமே ஆக்க வேண்டும். கெட்டியான எஃகுத் தகட்டில் கம்பியின் பருமனுக்கு ஏற்ற துளை ஒன்று இட்டு, அதில் கம்பியைச் செருகி, மேலே சிறிது நீட்டிக்கொண்டிருக்குமாறு அடியில் தாங்கு கொடுத்து அடித்தால் தலை உருவாகும்.

எவ்வளவு நீட்ட வேண்டும்? கம்பியின் விட்டத்தைப் போல் ஒன்றரை மடங்கு என்பது பட்டறைக் கணக்கு. இந்த ஒன்றரை எங்கிருந்து வந்தது? தலை ஓர் அரைக்கோளம் என்றும், அதன் ஆரம் கம்பி விட்டத்தில் 0.8 பங்கு என்றும் கொள்வோம். விட்டம் 3 மி.மீ. என்றால் ஆரம் 2.4 மி.மீ. அரைக்கோளத்தின் கனஅளவு ஏறத்தாழ 29 கன மி.மீ. கம்பியின் குறுக்குவெட்டுப் பரப்பு ஏறத்தாழ 7.07 சதுர மி.மீ. கனஅளவைப் பரப்பால் வகுத்தால் 4.1 மி.மீ. வருகிறது. அடிக்கும்போது உலோகம் உருமாறுமே தவிர, அதன் கனஅளவு மாறாது என்பதே இக்கணக்கின் அடிப்படை. ஆணியின் உடலும் சற்றுப் பருத்துத் துளையை நிரப்ப வேண்டுமே! அதற்கும் கொஞ்சம் சேர்த்தால் 4.5 மி.மீ. சரியாக ஒன்றரை மடங்கு! நீங்கள் கணக்கு வகுப்பில் படித்த அரைக்கோளமும் உருளையும் சுத்தியலின் கீழே சந்திக்கின்றன.

பிறகு ஆணியைத் தகடுகளின் துளையில் செருகி, தலையைப் பட்டறைக்கல்லில் தாங்கவைத்து, மறுமுனையில் ஒன்றரை மடங்கு மட்டும் விட்டு, மீதியை ரம்பத்தால் அறுத்துவிடுங்கள். முதலில் நேராக ஓரிரு அடி. அதில் ஆணியின் உடல் பருத்துத் துளையை நிரப்பும். பிறகு உருண்டைத் தலைச் சுத்தியலால் ஓரங்களைச் சுற்றிச் சுற்றிச் சிறிய அடிகள். அவசரப்பட்டு ஓங்கி அடித்தால் ஆணி சாயும்.

இந்த 3 மி.மீ. ஆணி எவ்வளவு தாங்கும்? மென்மையான எஃகை நறுக்கச் சதுர மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 250 நியூட்டன் விசை தேவை என்று கொண்டால், 7.07 சதுர மில்லிமீட்டருக்கு 1,750 நியூட்டனுக்கும் சற்று அதிகம். அதாவது, இரண்டு பெரிய மனிதர்களின் எடையை ஒரு சிறிய ஆணி தாங்கும்! விட்டத்தை இருமடங்காக்கினால் பரப்பு நான்கு மடங்காகும். தாங்குதிறனும் நான்கு மடங்காகும். அதற்காக மிகப் பெரிய ஆணியை எடுத்துவிடாதீர்கள். பெரிய ஆணிக்குப் பெரிய துளை வேண்டும். பிறகு ஆணிக்கு முன்னால் தகடு கிழிந்துவிடும்.

இறுக்காமல் இணைப்பது

தகட்டுக் கவசத்தில் ஆணிக்கு இன்னொரு வேலையும் உண்டு. முழங்கையும் தோளும் மடங்க வேண்டுமல்லவா? அங்கே தகடுகளை அசையாமல் இறுக்கினால் வீரன் சிலையாகிவிடுவான். எனவே ஒரு தகட்டில் வட்டத் துளையும், மற்றதில் நீண்ட துளையும் இட்டு, ஆணியைச் சற்றுத் தளர்வாகத் தறைந்தார்கள். தகடுகளுக்கு இடையே ஓர் அட்டைத் துண்டை வைத்து அடித்து, பிறகு அதை எடுத்துவிட்டால் தேவையான தளர்வு கிடைக்கும். ஆணி அந்த நீண்ட துளைக்குள் வழுக்கிச் செல்லும். தகடுகள் மீன் செதிள்போல ஒன்றன்மேல் ஒன்று நகரும்.

இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றிக்காக 1520ஆம் ஆண்டில் கிரீனிச் பட்டறையில் செய்த ஒரு கவசம் இன்றும் பாதுகாக்கப்படுகிறது. உச்சி முதல் பாதம் வரை மூடும் அக்கவசத்தில் 200க்கும் மேற்பட்ட துண்டுகள் உள்ளன. அதன் எடை 42 கிலோகிராமுக்கும் அதிகம். உடலை முழுவதும் மூடி, மூட்டுகளை மட்டும் அசைய விடுவது எப்படி என்று அறிவதற்காக, அமெரிக்க விண்வெளி உடையை உருவாக்கியவர்கள் 1960களில் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். மன்னரின் பெயரால் அந்தக் கவசத்தை உலகம் அறியும். அதன் ஆணிகளை ஒவ்வொன்றாக அளந்து, வெட்டி, தளர்வு பார்த்து அடித்தவர்களை யாரும் நினைப்பதில்லை. ஆனால் அவர்கள் ஓர் ஆணியை அதிகமாக இறுக்கியிருந்தால் மன்னரின் கை மடங்கியிருக்காது!

இதனால் என்ன பயன்?

"இந்தக் காலத்தில் கவசம் யாருக்கு வேண்டும்?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். கவசம் செய்வதற்காக இதை நான் சொல்லவில்லை. வாள் வீச்சைப் புகழ்வதும் என் நோக்கமன்று.

"கடையில் ஆயத்த ஆணி கிடைக்கிறதே!" என்று இன்னொருவர் கேட்கலாம். கிடைக்கிறது. ஒரு பக்கத்திலிருந்து மட்டுமே எட்டக்கூடிய இடங்களுக்கு, உள்ளே குழலாக இருக்கும் பாப் ரிவிட் மிக நல்ல கண்டுபிடிப்பு. வேலை சீக்கிரம் முடிய வேண்டுமானால் அதை வாங்குங்கள். ஆனால் வாங்கிய ஆணி உங்களிடம் ஒரு கேள்வியும் கேட்பதில்லை. இந்த நீளம் ஏன்? இந்த உலோகம் ஏன்? காய்ச்சியபின் ஏன் மெல்ல ஆற்ற வேண்டும்? நீங்களே செய்யும் ஆணி இத்தனையும் கேட்கும். விடை தவறானால் அங்கேயே வளைந்தோ வெடித்தோ காட்டிவிடும். மதிப்பெண் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை!

கல்லூரிக்கு வரும் மாணவர்களிடம் நறுக்கு விசை என்றால் என்ன என்று கேட்டால், வரையறையைப் பிழையின்றி ஒப்பிக்கிறார்கள். ஆணி ஒன்றைக் கையில் கொடுத்து, இது எந்த இடத்தில் அறும் என்று கேட்டால் பலர் விழிக்கிறார்கள். குற்றம் அவர்களுடையதன்று. சுத்தியலை ஒருநாளும் அவர்கள் கையில் கொடுக்காமல் பன்னிரண்டு ஆண்டுகள் அறிவியல் கற்பித்தவர்கள் நாம்தான். செய்முறைத் தேர்வு என்ற பெயரில் பதிவேட்டை அழகாக எழுதுவது நடக்கிறது. அளவுகோலும் நிறுத்தற்கடிகாரமும் தொட்ட கை, அரத்தையும் குறட்டையும் தொடுவதில்லை.

இதற்குப் பின்னால் ஒரு பழைய நோய் இருக்கிறது. ஏட்டில் இருப்பது அறிவு, பட்டறையில் இருப்பது வெறும் வேலை என்ற எண்ணமே அது. உழைப்பவரையும் படிப்பவரையும் நம் சமூகம் வெகுகாலம் வெவ்வேறு திண்ணைகளில் உட்காரவைத்திருந்தது. அதன் விளைவாக உலையடியில் இருந்தவருக்குக் காரணம் சொல்லித்தரப்படவில்லை; ஏட்டைப் படித்தவருக்கு இரும்பின் குணம் தெரியவில்லை. நட்டம் இருவருக்கும்தான். இரும்பு எந்த நிறத்தில் சிவக்கும்போது அடிக்க வேண்டும் என்று வெப்பமானி இல்லாமலே சொல்லும் கொல்லர், ஒரு நுண்ணிய அளவீட்டைச் செய்கிறார். அதை அறிவியல் என்று ஒப்புக்கொள்ள நாம் ஏன் தயங்க வேண்டும்?

பெரிய செலவு எதையும் நான் கேட்கவில்லை. ஒரு பட்டறைக்கல், இரண்டு சுத்தியல்கள், ஓர் அரம், ஒரு வைஸ், நான்கு பாதுகாப்புக் கண்ணாடிகள் இருந்தால் போதும். பள்ளி ஆய்வுக்கூடத்தின் ஒரு மூலையில் இவற்றுக்கு இடம் ஒதுக்கலாம். மாதத்துக்கு ஒரு நாள், ஊரில் உள்ள கொல்லர் ஒருவரை ஆசிரியராக அழைத்து, உரிய மதிப்பூதியமும் மரியாதையும் தந்து பாடம் நடத்தச் சொல்லலாம். அவர் அடித்துக் காட்டட்டும். இயற்பியல் ஆசிரியர் காரணம் சொல்லட்டும். மாணவர் இருவரையும் கேள்வி கேட்கட்டும். அறிவியல் மன்றங்களுக்கு இதைவிட நல்ல வேலை உண்டா?

உங்கள் பள்ளியில் உடனே இது நடக்காமல் போகலாம். அதற்காகக் காத்திராதீர்கள். கட்டுக்கம்பி வளையமும் வாளியும் இந்த ஞாயிற்றுக்கிழமைக்கே போதும். நண்பர்கள் நால்வர் சேர்ந்து வெவ்வேறு பருமனுள்ள கம்பிகளில் வளையம் செய்யுங்கள். எது எத்தனை லிட்டரில் விரிந்தது என்று அட்டவணை போடுங்கள். பருமன் இருமடங்கானால் தாங்கும் நீரும் இருமடங்காகிறதா, அல்லது அதைவிட அதிகமா? முடிவைப் புத்தகத்தில் தேடாதீர்கள். வாளியைக் கேளுங்கள், அது சொல்லும்.